தமிழ்99 பழகும் விரல்களும் மூளையும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலத்தில் கீபோர்டைப் பார்க்காமல் டைப் செய்கிறவரா நீங்கள்? ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வெள்ளைத்தாளில் மூன்று வரிசையாகக் கட்டம் போட்டு, எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் என்று நிரப்புங்கள். மேசை மேல் விரலால் தட்டிப் பார்ப்பது கள்ளாட்டம். நான் செய்து பார்த்தேன். மேல் வரிசை எப்படியோ வந்துவிட்டது. கீழ் வரிசையில் மூன்றாவது கட்டத்திலேயே பேனா நின்றுவிட்டது. அத்தனையும் பதினைந்து வருடமாக நான் தினமும் தட்டுகிற எழுத்துகள்.

அமெரிக்காவில் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதையே சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொல் தட்டக்கூடியவர்கள், பிழையும் குறைவு. அவர்களிடம் எழுத்தில்லாத கீபோர்டுப் படத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னால், 26 எழுத்தில் ஏறக்குறைய 15தான் சரியான இடத்தில் விழுந்தன. விரலுக்குத் தெரிந்தது ஆளுக்குத் தெரியவில்லை.

தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பைப் பழக உட்கார்ந்தபோது இது எனக்குத் தெரிந்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். வாய்ப்பாடு மாதிரி விசைப்படத்தை மனப்பாடம் செய்தேன். வாரம் முழுக்க ஒன்றும் செய்யாமல், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து தட்டினேன். கை வலித்தது, எழுத்து வரவில்லை. "நாற்பது வயதுக்கு மேல் இதெல்லாம் ஏறாது" என்று விட்டும்விட்டேன். அப்புறம் கைப்பழக்கம் மூளையில் எப்படிப் படிகிறது என்று படித்துவிட்டு, பழகும் முறையை மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்கினேன். ஆறு வாரத்தில் வந்தது. இந்தக் கட்டுரையை முழுக்கத் தமிழ்99இல்தான் தட்டுகிறேன். நீங்கள் வீணை பழகினாலும், கார் ஓட்டப் பழகினாலும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும். ஆனால் எனக்குத் தெரிந்தது கீபோர்டு.

முதலில், கைப்பழக்கம் எங்கே போய் உட்காருகிறது

ஹென்றி மோலைசன் என்று ஒருவர். 1953இல், அவருக்கு 27 வயது இருக்கும்போது, தீராத வலிப்புக்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பில், இரண்டு பக்கமும் பெரிய பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. பத்து நிமிடம் முன்பு பேசியவர் மறுபடி உள்ளே வந்தால் புது ஆள்.

பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அதன் ஓரமாகவே கோடு போடச் சொன்னார். யாருக்கும் முதலில் கை எதிர்ப்பக்கம்தான் போகும். மோலைசனுக்கும் போனது. மூன்று நாள் தொடர்ந்து செய்ததில் பிழை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் மூன்றாம் நாளும், இதை முன்னால் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. நடந்ததை நினைவில் வைக்கும் இடம் ஒன்று, கைப்பழக்கம் சேரும் இடம் வேறு என்று இப்படித்தான் தெளிவானது. 2008இல் அவர் இறக்கும்வரை உலகம் அவரை இரண்டு முதலெழுத்துகளால் மட்டுமே அறிந்திருந்தது.

கைப்பழக்கத்துக்கு ஒரே ஒரு இடம் இல்லை. மூன்று இடங்களைத் தெரிந்துகொண்டால் நமக்குப் போதும்.

பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை பிழை பார்க்கும் இடம். எடையில் மூளையில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் மூளையின் நரம்பணுக்களில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. விரல் எங்கே போய் விழும் என்று முன்கூட்டிக் கணிப்பது, விழுந்த பிறகு வித்தியாசம் பார்ப்பது, அடுத்த முறை அதற்கேற்பத் திருத்துவது அதன் வேலை. அங்குள்ள புர்கின்யே என்ற வகை நரம்பணுக்களுக்குப் பிழைச் சைகை வரும்போது, தவறான அசைவுக்குக் காரணமான இணைப்புகள் வலுவிழக்கின்றன. ஜப்பானியரான மசாவோ இட்டோ 1980களில் இதைச் சோதனையில் காட்டினார். குடித்தவர் தள்ளாடுவது பெரும்பாலும் இந்தப் பகுதி மந்தமாவதால்தான்.

இரண்டாவது, மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா. தனித்தனி அசைவுகளைக் கோத்து ஒரே மூட்டையாகக் கட்டுவது இங்கே. டோபமைன் என்ற வேதிப்பொருள் இல்லாவிட்டால் இது ஓடாது. பார்க்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் அணுக்கள் அழியும்போது, வாழ்நாளெல்லாம் போட்ட கையெழுத்தே சுருங்கிப் பொடியாகிவிடுவது அதனால்தான்.

மூன்றாவது, உச்சந்தலைக்குக் கீழே பட்டையாக ஓடும் இயக்கப் புறணி. தசைகளுக்குக் கட்டளை போவது இங்கிருந்து. 1995இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தினமும் 10 முதல் 20 நிமிடம் ஒரே விரல் வரிசையைப் பழகச் சொன்னார்கள். சில வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தால், பழகிய வரிசைக்கு இயக்கப் புறணியில் அதிக இடம் ஒதுங்கியிருந்தது. மாதக்கணக்கில் அது அப்படியே இருந்தது. ஒரு நாளைக்குப் பத்து இருபது நிமிடம்தான் என்பதைக் கவனியுங்கள்.

தொடங்கும் முன்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் மொழி அமைப்பில் தமிழ்99 கிடைக்கும். அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1999இல் சென்னையில் நடந்த இணையத் தமிழ் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு இது. உயிரெழுத்துகள் எல்லாம் இடது கைக்கு. மெய்களில் வ, ங தவிர மற்றதெல்லாம் வலது கைக்கு. இடம், வலம் என்று கை மாறி மாறிப் போகும். ஒரு கை தட்டும்போதே அடுத்த கை தயாராகலாம்.

ஸ்டிக்கர் வாங்கி விசைகளின் மேல் ஒட்டாதீர்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள், நானும் செய்தேன். கண்ணுக்கு எழுத்து கிடைக்கிறவரை மூளை கண்ணை நம்பியே வேலையை முடிக்கும். விரல் தானாகப் போய், தவறி, திருத்திக்கொள்ளும் வாய்ப்பு சிறுமூளைக்குக் கிடைக்கவே கிடைக்காது. விசைப்படத்தை அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் தலையை நிமிர்த்திப் படத்தைப் பாருங்கள், கீழே கையைப் பார்க்காதீர்கள்.

முதல் வாரம்: நடு வரிசை மட்டும்

எந்தக் கீபோர்டிலும் நடு வரிசையில் இரண்டு விசைகளில் சின்ன மேடு இருக்கும். தமிழ்99இல் அவை இடப்பக்கம் ஃ, வலப்பக்கம் ப. இரண்டு ஆள்காட்டி விரலும் அங்கே. இடது சுண்டு விரலிலிருந்து அ, இ, உ, ஃ. ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் உள்ளே நீட்டினால் எ. வலது ஆள்காட்டிக்கு ப, உள்ளே நீட்டினால் க. பிறகு ம, த, ந வரிசையாக மூன்று விரலுக்கு. சுண்டு விரல் இன்னும் ஒரு கட்டம் தள்ளினால் ய.

இதை வைத்துக்கொண்டே உண்மையான சொற்களைத் தட்டலாம் என்பதுதான் இந்த அமைப்பில் எனக்குப் பிடித்த விஷயம். அது, இது, எது. அந்த, இந்த, எந்த. பயம், உதயம், இதயம். புள்ளிக்கு ஃ விசை. ஆனால் பல இடத்தில் புள்ளியைத் தட்டவே வேண்டாம். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக வரும். ந த, ம ப, ங க, ண ட, ஞ ச, ன ற மாதிரி இனவெழுத்துச் சோடிகளிலும் அப்படியே. "பந்து" என்றால் ப, ந, த, உ. நான்கே தட்டு. இதில் ஒரு பொறி உண்டு: "பப்பாளி" மாதிரி புள்ளியில்லாமல் ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால், நடுவில் அ விசையைத் தட்டி அந்தத் தானியங்கிப் புள்ளியை நிறுத்த வேண்டும். எனக்கு இது பழக ஒரு மாதம் ஆனது.

முதல் வாரத்தில் வேகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஒவ்வொரு தட்டும் சரியான விரலால், சரியான விசையில். ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1967இல் திறன் பழகுவதை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள்: ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்யும் கட்டம், யோசனை குறைந்து அசைவுகள் கோத்துக்கொள்ளும் கட்டம், யோசனையே வேண்டாத கட்டம். முதல் வாரம் முழுக்க நீங்கள் முதல் கட்டத்தில் இருப்பீர்கள். "ம எங்கே, நடு விரல், சரி" என்று வாய்க்குள் முணுமுணுப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை.

தப்பான விரலால் தட்டிப் பழகிவிட்டால், அதையும் மூளை அதே அக்கறையோடு சேமித்துவைக்கும். சுண்டு விரல் சோம்பேறித்தனம் செய்யும் என்பதால் ந, ய இரண்டையும் மோதிர விரலாலேயே சமாளிக்கப் பார்ப்பீர்கள். அங்கே மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்

நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு மணி நேர பேட்ச் போட்டுத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். காலை ஆறு முதல் ஏழு, ஏழு முதல் எட்டு என்று. மெஷின் எண்ணிக்கை போதாது என்பதால் வந்த ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் அதில் பெரிய ஞானம் ஒளிந்திருக்கிறது.

பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்குக் கீபோர்டு பழக்க வேண்டிய தேவை வந்தபோது, ஆலன் பாட்லியும் லாங்மேனும் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்துப் பழக்கிப் பார்த்தார்கள். 1978இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம். இன்னொரு குழுவுக்கு இரண்டு மணி நேர வகுப்பு, நாளைக்கு இரண்டு முறை. மற்ற இரண்டும் இடைப்பட்டவை. விசைகளைப் பழகி முடிக்க, ஒரு மணி நேரக் குழுவுக்கு மொத்தம் 35 மணி நேரம் போதுமாக இருந்தது. நாளைக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 50 மணி நேரம் தேவைப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், குறைந்த மணி நேரத்தில் கற்றுக்கொண்ட அந்தக் குழுதான் தன் அட்டவணையைப் பற்றி அதிகம் சலித்துக்கொண்டது. நாள்கணக்கில் பார்த்தால் மற்றவர்கள் முந்திப்போவதாக அவர்களுக்குத் தோன்றியது. இந்தச் சலிப்பு உங்களுக்கும் வரும்.

வேலைக்குப் போகிறவருக்கு ஒரு மணி நேரம்கூட அதிகம். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் வையுங்கள். அதிலும் தொடர்ந்து தட்டாதீர்கள். பத்துப் பதினைந்து நொடி தட்டிவிட்டுக் கையை மேசை மேல் வைத்து அதே அளவு சும்மா இருங்கள். 2019இல் லியோனார்டோ கோஹனின் ஆய்வுக்குழு, புதிதாக ஒரு விரல் வரிசையைப் பழகுகிறவர்களைப் பத்து நொடி தட்டவிட்டு, பத்து நொடி ஓய்வு கொடுத்து அளந்தது. தொடக்கத்தில் வந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி தட்டும்போது வரவில்லை. ஒவ்வொரு ஓய்வும் முடிந்து மறுபடி தட்டத் தொடங்கும்போதுதான் வேகம் தாவியிருந்தது. ஓய்வு நேரத்தில் மூளை அதே வரிசையைச் சுமார் 20 மடங்கு வேகத்தில் மறுபடி ஓட்டிப்பார்க்கிறது என்று அதே குழு 2021இல் எழுதியது. இந்தத் தாவல் எல்லாம் கற்றல்தானா, களைப்பு நீங்குவதும் அதில் கலந்திருக்கிறதா என்று துறைக்குள் இன்னும் சண்டை ஓடுகிறது. நமக்கு எப்படியும் நட்டமில்லை. பத்து நொடி சும்மா இருப்பதற்குக் காசா கேட்கிறார்கள்? ஒரே நிபந்தனை, அந்தப் பத்து நொடியில் போனை எடுக்கக் கூடாது.

தூக்கமும் பயிற்சிக் கணக்கில்தான் வரும்

ஹார்வர்டில் மேத்யூ வாக்கரும் மற்றவர்களும் 2002இல் வெளியிட்ட சோதனை ரொம்ப எளிமையானது. விரல்களுக்கு எண் கொடுத்து 4-1-3-2-4 என்ற வரிசையை இடது கையால் திரும்பத் திரும்பத் தட்டச் சொன்னார்கள். காலையில் பழகி, பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்து சாயங்காலம் தட்டியவர்களிடம் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. ஓர் இரவு தூங்கி எழுந்து தட்டியவர்களின் வேகம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருந்தது. இடையில் ஒரு தட்டுகூடப் பழகவில்லை. முந்தைய நாள் களைப்பு நீங்கியதும் இந்த 20 சதவீதத்தில் கலந்திருக்கிறது என்று பிறகு சிலர் வாதிட்டார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது.

எலியில் பார்த்தது இன்னும் நேரடியானது. சுழலும் தண்டின் மேல் விழாமல் நடக்கப் பழகிய சுண்டெலிகளைத் தூங்கவிட்டபோது, அவற்றின் இயக்கப் புறணியில் நரம்பணுக் கிளைகளில் புதிதாகச் சின்னச் சின்ன முளைகள் தோன்றின. ஒரு நரம்பணு இன்னொன்றோடு இணையும் இடங்கள் அவை. தூங்கவிடாத எலிகளில் முளைகள் குறைவு. கூடுதலாகப் பழகவிட்டும் அந்தக் குறையை ஈடுகட்ட முடியவில்லை. நியூயார்க்கில் நடந்த இந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது.

எனவே, இராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து "இன்றைக்கு முடித்துவிட்டுத்தான் படுப்பேன்" என்பது டைப்பிங்குக்கு ஆகாது. முக்கியமாக, முன்னேற்றத்தை அன்றைய பயிற்சி முடிவில் அளக்காதீர்கள். ஐம்பது சொல் கொண்ட ஒரு பத்தியைத் தேர்ந்து வையுங்கள். வாரம் ஒரு நாள், காலையில், பயிற்சி தொடங்கும் முன்னால், கை குளிர்ந்திருக்கும்போது ஒரே ஒரு முறை தட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தங்கியது எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். பயிற்சி முடிவில் வரும் வேகம் சூடு பிடித்த கையின் வேகம்; மறுநாள் காலையில் குளிர்ந்த கைக்கு அது அப்படியே வராமல் போகலாம். அதைப் பார்த்துத்தான் பலபேர் மனம் உடைந்து விடுகிறார்கள்.

இரண்டாவது, மூன்றாவது வாரம்: கலைத்துப் போடுங்கள்

இப்போது மேல் வரிசைக்குப் போங்கள். இடப்பக்கம் ஆ, ஈ, ஊ, ஐ, ஏ; வலப்பக்கம் ள, ற, ன, ட, ண, ச, ஞ. அ இருக்கும் விரலுக்கு மேலே ஆ, இக்கு மேலே ஈ, உவுக்கு மேலே ஊ. குறிலுக்கு மேல் நெடில் என்று இந்த மூன்று வந்துவிட்டால் பாதி வந்த மாதிரி. கீழ் வரிசை கடைசியாக: ஔ, ஓ, ஒ, வ, ங, ல, ர, கொஞ்சம் தள்ளி ழ.

புது எழுத்து ஒன்றை முதல் நாள் மட்டும் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். அதன்பிறகு அப்படிச் செய்யாதீர்கள். பத்து முறை "ள", பத்து முறை "ற" என்று தட்டினால் வேகமாக வருவது போல இருக்கும். உண்மையில் இரண்டாவது முறைக்குப் பிறகு மூளை எதையும் தேடி எடுப்பதில்லை, கையில் இருப்பதையே மறுபடி போடுகிறது. ஷே, மார்கன் என்ற இருவர் 1979இல் இதைக் காட்டினார்கள். மூன்று கை அசைவுகளை ஒவ்வொன்றாக முடித்துப் பழகியவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். கலைத்துப் போட்டுப் பழகியவர்கள் அப்போது திணறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலைத்துப் பழகியவர்கள்தான் மேல். ஆகவே தனி எழுத்துப் பயிற்சியைச் சீக்கிரம் விட்டுவிட்டு, செய்தித்தாள் பத்தியோ பழைய கடிதமோ எதையாவது எடுத்துத் தட்டத் தொடங்குங்கள். எழுத்துகள் தானாகவே கலைந்து வரும்.

சில சொற்கள் பிடிவாதம் பிடிக்கும். அதற்கு உங்கள் திறமை காரணம் இல்லை, கை அமைப்புதான். எனக்கு "மனம்" பெரும் தொல்லையாக இருந்தது. ம நடு வரிசையில், ன அதற்கு மேலே. இரண்டும் வலது நடு விரலுக்கு உரியவை. ம, ன, ம என்று ஒரே விரல் கீழே, மேலே, கீழே ஓட வேண்டும். "பந்து" தட்டும்போது நான்கு விரல்கள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன; "மனம்" தட்டும்போது ஒரு விரல் மூன்று பேர் வேலையைச் செய்கிறது. இப்படி உங்களை மாட்டிவிடும் சொற்களைக் குறித்துவைத்து, மற்ற சொற்களுக்கு நடுவில் தூவிப் பழகுங்கள்.

பழைய பழக்கம் குறுக்கே வரும்போது

ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் இந்தப் பகுதி. "கடல்" என்று நினைத்தவுடன் கை பழைய வழியில் ஓடும். திரையில் "மஉஅத" என்று ஏதோ ஒன்று வந்து நிற்கும். முதல் பத்து நாளில் இது நாளைக்கு ஐம்பது முறை நடக்கும்.

ஆங்கிலம் டைப் செய்வது அவ்வளவு தொல்லை தராது. ஆங்கிலச் சொல் என்றால் ஒரு பழக்கம், தமிழ்ச் சொல் என்றால் இன்னொன்று என்று மூளை சூழ்நிலையை வைத்துப் பிரித்துக்கொள்ளும். சிக்கல், ஒரே தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு வழி இருக்கும்போதுதான். 1996இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ரோபோக் கைப்பிடி ஒரு பக்கம் தள்ளும்போது கையை நேராகக் கொண்டுபோகப் பழகியவர்களுக்கு, உடனே எதிர்ப்பக்கத் தள்ளலையும் பழக்கினால், முதலில் பழகியது மறுநாள் அழிந்திருந்தது. நான்கு மணி நேரம் இடைவெளி விட்டால் அது தங்கியது. பிறகு வந்த சில சோதனைகளில் இந்த நான்கு மணி நேரக் கணக்கு பொருந்தி வரவில்லை. ஆனாலும், ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும் இரண்டு பழக்கங்களை அடுத்தடுத்துச் செய்தால் இடிக்கும் என்பது கீபோர்டில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும்.

என் யோசனை: மூன்று வாரத்துக்கு ஒலிபெயர்ப்பு முறையைக் கணினியிலிருந்தே நீக்கிவிடுங்கள். அவசரக் கடிதம் இருந்தால் போனில் பேசி எழுதவையுங்கள், இல்லையென்றால் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். "அவசரத்துக்கு மட்டும்" என்று வைத்துக்கொண்டால் எல்லாமே அவசரமாகிவிடும்.

வேகம் நின்றுபோகும் மாதம்

நான்காவது வாரம் வாக்கில் ஏறிக்கொண்டிருந்த வேகம் நின்றுவிடும். நாள்கணக்கில் அசையாது. 1890களின் இறுதியில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி பழகுகிறவர்களின் முன்னேற்றத்தை வாரவாரம் வரைந்து பார்த்தபோது, செய்தி வாங்கும் வேகத்தில் இதே மாதிரி ஒரு சமதளம் தெரிந்தது. தந்திக்காரர் முதலில் எழுத்து எழுத்தாகக் கேட்கிறார், பிறகு சொல் சொல்லாக, அதன்பிறகு தொடர் தொடராக. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது வெளியே எதுவும் தெரிவதில்லை என்று விளக்கம் சொன்னார்கள். எல்லாத் திறனிலும் இப்படிச் சமதளம் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. எனக்கு வந்தது, பன்னிரண்டு நாள் நீடித்தது.

பேசல் கேங்லியா மூட்டை கட்டும் வேலையை நீங்கள் கொஞ்சம் தூண்டிவிடலாம். தமிழில் சொற்களின் வால்கள் திரும்பத் திரும்ப வரும். கிறது: க, இ, ற, த, உ. கொண்டு: க, ஒ, ண, ட, உ. வில்லை: வ, இ, ல, ல, ஐ. இவற்றைத் தனித்தனியாகத் தட்டாமல் வெவ்வேறு வினைகளோடு ஒட்டித் தட்டுங்கள்: வருகிறது, போகிறது, படித்துக்கொண்டு, தெரியவில்லை. சில நாளில் "கிறது" ஐந்து தட்டாக இருக்காது. ஒரே உதறல் மாதிரி ஆகிவிடும். எனக்கு முதலில் அப்படி ஆனது "வில்லை". ஒரு நாள் மத்தியானம் ஏதோ பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது கவனித்தேன், அது எப்போதோ வந்துவிட்டிருந்தது.

அப்புறம், கையைக் கவனிப்பதை நிறுத்துங்கள்

முதல் வாரத்தில் ஒவ்வொரு விரலையும் கவனிக்கச் சொன்னேன். ஐந்தாவது வாரத்தில் அதே அறிவுரை தப்பு. கோல்ஃபில் இதைச் சோதித்திருக்கிறார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் தங்கள் கை வீச்சைக் கவனித்துக்கொண்டே அடிக்கச் சொன்னால் மோசமாக அடித்தார்கள். புதியவர்களுக்கோ அந்தக் கவனிப்பு உதவியாக இருந்தது. மூட்டையாகக் கட்டியதை நடுவில் பிரித்துப் பார்த்தால் கட்டு அவிழத்தான் செய்யும்.

பிழையைப் பற்றியும் அதிகம் கவலை வேண்டாம். வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் லோகன், கிரம்ப் இருவரும் 2010இல் ஒரு குறும்பு செய்தார்கள். தேர்ந்த தட்டச்சாளர்கள் தப்பாகத் தட்டியதைச் சிலசமயம் திரையில் இரகசியமாகத் திருத்திவிட்டார்கள். சிலசமயம் சரியாகத் தட்டியதைப் பிழையாக்கினார்கள். ஆட்கள் திரையை நம்பினார்கள். தாங்கள் செய்யாத பிழைக்குப் பொறுப்பேற்றார்கள். விரல்கள் ஏமாறவில்லை. உண்மையில் தப்பாகத் தட்டிய பிறகுதான் அவை தயங்கி மெதுவாகின. திரை என்ன காட்டினாலும் சரி. உங்கள் விரல்களும் இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால், பிழை விழுந்த கணமே, கண் பார்ப்பதற்குள், கையில் ஒரு சின்ன இடறல் தெரியும். அதை நம்பி அழிவிசையைத் தட்டுங்கள். யோசிக்க வேண்டியது அடுத்த வரியில் என்ன எழுதப்போகிறோம் என்பதை மட்டும்.

பத்து விரல் முறையிலேயே ஆக வேண்டுமா என்று கேட்பார்கள். பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகம் 2018இல் 1,68,000 பேரின் தட்டலை ஆராய்ந்தபோது, தானாகக் கற்றுக்கொண்டவர்களில் வேகமானவர்களும் நிறைய இருந்தார்கள். ஒரு விசைக்கு எப்போதும் ஒரே விரல் போனால் போதும், அது எந்த விரல் என்பது அவ்வளவு முக்கியமில்லை என்பது என் கருத்து. புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒழுங்கான முறையைப் பின்பற்றுவது சுலபம் என்பதால்தான் மேலே அதைச் சொன்னேன்.

இடையில் விட்டுப்போனால்

எல்லோருக்கும் ஒரு இடைவெளி வரும். எனக்கு நான்கு மாதம் விட்டுப்போனது. கல்யாண வேலை, வீடு மாற்றம், எல்லாம் போனிலேயே ஓடிவிட்டது. திரும்பி வந்த முதல் நாள் "இந்த" என்ற சொல்லே தடுமாறியது. ஆனால் ஹில் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்ததைப் படித்திருந்ததால் பதறவில்லை. அவர் இளவயதில் தட்டச்சு பழகும்போதே தன் முன்னேற்றத்தைக் குறித்துவைத்தார். 25 வருடம் கழித்து அதையே மறுபடி பழகி அளந்தார். பிறகு இன்னொரு 25 வருடம் விட்டு, 80 வயதில் மூன்றாவது முறையும் அளந்தார். ஒவ்வொரு தடவையும் மறுபடி பழகுவது முதல் தடவையைவிட வெகு சீக்கிரம் முடிந்தது.

திரும்பி வரும் முதல் நாள் கடிகாரத்தைத் தொடாதீர்கள். பழைய பத்தியையும் எடுக்காதீர்கள். நடு வரிசைச் சொற்களைப் பத்து நிமிடம், மெதுவாக, கண்ணை விசைப்படத்தின் பக்கம்கூடத் திருப்பாமல் தட்டுங்கள். தப்பு வந்தால் வரட்டும். இரண்டாம் நாள் வால்களைச் சேருங்கள்: கிறது, கொண்டு, வில்லை. மூன்றாம் நாள் காலையில் அந்த ஐம்பது சொல் பத்தியைத் தட்டி நேரத்தைக் குறியுங்கள். எனக்கு நான்கு மாதத்துக்கு முந்தைய நேரத்தைவிட ஒன்றரை நிமிடம்தான் அதிகமானது. அந்த வார இறுதிக்குள் அதுவும் போய்விட்டது. "மனம்" மட்டும் இன்னும் ஒரு வாரம் முரண்டு பிடித்தது.